மயிரிழையும் இரண்டாவது கியரும்

ஜூன் 3, செவ்வாய்

பேப்பரில் என் பெயர் இல்லை. 'கொல்லிமலையில் மினி பஸ் விபத்து: பயணிகள் மயிரிழையில் உயிர் தப்பினர்' என்று தலைப்பு. உள்ளே 'அதிர்ஷ்டவசமாக' என்று இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறார்கள். ஓட்டுநர் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறார், அதுவும் 'போலீசார் விசாரித்து வருகின்றனர்' என்பதற்காக. ஸ்டீயரிங்கை மயிரிழையா பிடித்தது? படித்துவிட்டு பேப்பரை மடித்து இட்லித் தட்டுக்கு அடியில் போட்டேன்.

வேறு யாரும் எழுதப்போவதில்லை, நானே எழுதிவைக்கிறேன். உரக்கடையில் இலவசமாகக் கொடுத்த டைரி, ஐந்து மாதம் காலியாகத்தான் கிடந்தது.

நேற்றுக் காலை சோளக்காட்டிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தேன். வண்டி நிறைய ஆள், மேலே அன்னாசி மூட்டை, கால் வைக்க இடமில்லாமல் பலாப்பழம். பாதி மலை இறங்கியதும் பிரேக்கை மிதித்தேன், பெடல் சும்மா தரை வரைக்கும் போனது. மறுபடி மிதித்தேன். பிரேக் எண்ணெய்ப் பைப் வெடித்துவிட்டது என்று காலுக்கே தெரிந்துவிட்டது. ஹேண்ட் பிரேக் இழுத்தும் வண்டி நிற்கவில்லை. இடது பக்கம் மலை, வலது பக்கம் பள்ளம், எதிரே அடுத்த கொண்டை ஊசி வளைவு. அதற்குள் நிற்க வேண்டும், இல்லாவிட்டால் நிற்கவே வேண்டியதில்லை. மூன்றாவது கியரிலிருந்து வண்டியை அடித்து இரண்டாவதுக்கு இழுத்தேன். வேகம் கொஞ்சம் கட்டுப்பட்டதும் இடது பக்கத்தை மலையோடு தேய்த்துக்கொண்டே போய், ரோடு அகலப்படுத்தக் கொட்டியிருந்த மண் குவியலில் மூக்கைச் சொருகி நிறுத்தினேன். அந்த நேரத்தில் எனக்கு ஒரு சத்தமும் கேட்கவில்லை. காது அடைத்துவிட்டது.

ஒரு பெரியவருக்குக் கை முறிந்தது. மற்றவர்களுக்குச் சிராய்ப்பு. அவ்வளவுதான். நான் நிறுத்தினேன். பூங்கொடி நிறுத்தினாள். இங்கேயாவது என் பெயர் இருக்கட்டும்.

ஜூன் 4, புதன்

காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள். மலையிலிருந்து மிளகு கொண்டுவந்து விற்கும் நல்லம்மா, கையில் கட்டுப் போட்ட பெரியவர் அய்யாவு, பக்கத்து வீதிக்காரர்கள். நல்லம்மா, பெரியாண்டவர் சாமி காப்பாற்றினார் என்றது. அய்யாவு, "எட்டுக்கை அம்மன் எறங்கி வந்து வண்டியப் புடிச்சிட்டாளுங்க" என்றார். ஒருவர் தன் மகனின் ஜாதகப் பலன் என்றார். கண்டக்டர் வீரமுத்து, அன்று காலை பூசணிக்காய் உடைத்ததுதான் காரணம் என்றான். உடைத்தது அவன்தான் என்பதையும் சேர்த்துச் சொன்னான்.

எல்லோருக்கும் டீ போட்டுக் கொடுத்தேன். எனக்கும் சாமி உண்டு. ஆனால் எட்டுக் கை இருந்தவள் ஒரு கையை எனக்குக் கொடுத்திருந்தால் தோள்பட்டை இப்படி வலிக்காது.

சாயங்காலம் மகள் இலக்கியா பாங்க் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷில் ஆபத்திலிருந்து தப்புவதற்கு என்னென்ன சொல்வார்கள் என்று ஒரு பக்கம் முழுக்க இருந்தது. நமக்கு ஏற்ற பாடம் என்று சத்தமாகப் படிக்கச் சொன்னேன்.

"பை த ஸ்கின் ஆஃப் யுவர் டீத். அதாவது, பல்லோட தோலு அளவுல தப்பிச்சான்."

"பல்லுக்கு எங்கடி தோலு?"

"இல்லைங்கிறதுதாம்மா விஷயம். அவ்வளவு மெல்லிசு."

அடுத்தது க்ளோஸ் ஷேவ். சவரக் கத்தி. அது எனக்குப் புரிந்தது. அப்புறம் துப்பாக்கிக் குண்டுக்கு விலகுவது ஒன்று. மணி அடித்ததால் தப்பிப்பது ஒன்று. அது குத்துச்சண்டையாம். "உங்கம்மாவுக்குப் பள்ளிக்கூடத்துல தெனமும் நடந்ததுதான்" என்றேன். ரொம்ப நேரம் சிரித்தோம்.

பிறகு கேட்டேன். "இதுல எல்லாம் தப்பிச்சவனே இருக்கான். தப்பிக்க வெச்சவளுக்கு ஒண்ணு இருக்குதா பாரு."

பக்கத்தைப் புரட்டினாள். "இல்லம்மா."

"தமிழ்ல?"

கொஞ்சம் யோசித்தாள். "அதுலயும் இல்லீன்னு நெனைக்கிறேன்."

வெள்ளைக்காரனும் நாமும் ஒரு விஷயத்திலாவது ஒற்றுமை.

ஜூன் 6, வெள்ளி

வண்டியை மோட்டார் வாகன ஆய்வாளர் வந்து பார்த்தார். மலையில் அல்ல, முதலாளி பொங்கியண்ணன் ஷெட்டில். ரோட்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது என்று அன்றைக்கே கட்டி இழுத்துக் கீழே கொண்டுவந்துவிட்டார்கள். இழுப்பதற்கு கியரை நியூட்ரலில் போட்டுத்தான் ஆக வேண்டும். ஆய்வாளர் பார்க்கும்போது வண்டி நியூட்ரலில் இருக்கிறது. பிரேக் பைப் முழுசாக இருக்கிறது. முழுசாக என்ன, புத்தம் புதுசாகவே இருக்கிறதாம்.

முதலாளியின் மகன் அவரை நேரே ஆபீஸ் சுவருக்குக் கூட்டிப்போய் ஒரு பலகையைக் காட்டியிருக்கிறான். நாலு வண்டியில் யார் குறைந்த டீசலில் ஓட்டுகிறார்கள் என்று மாதாமாதம் எழுதும் பலகை. முதல் பெயர் என்னுடையது. மூன்று வருஷமாக நான்தான் முதல். பரிசாக வந்த குக்கர், ஹாட்பாக்ஸ், டிபன் கேரியர் எல்லாம் இந்த வீட்டில்தான் இருக்கின்றன.

"டீசல மிச்சம் புடிக்க நியூட்ரல்ல உருட்டிட்டு வந்திருக்குது சார். இல்லீன்னா எப்படி இந்த மைலேஜ் வரும்?" என்றானாம்.

நான் எப்படி மிச்சம் பிடிக்கிறேன் என்று அவனுக்கு என்ன தெரியும்? ஏற்றத்தில் கியரை முன்கூட்டியே மாற்றுவேன். நிறுத்தத்தில் சும்மா இன்ஜினை ஓடவிட மாட்டேன். இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டு நியூட்ரலில் உருட்டினால் வண்டியைப் பிடிக்க இன்ஜின் இருக்காது, அப்படி உருட்டுபவன் டிரைவரே அல்ல. ஒரு தடவைகூட நான் உருட்டியதில்லை. மலையில் இதைச் சொன்னால் ஒவ்வொரு வளைவும் சாட்சி சொல்லும், ஆனால் வளைவை யார் விசாரிப்பார்கள்?

விசாரணை இருபத்தாறாம் தேதி. என் தவறு என்று முடிவானால் ஹெவி லைசென்ஸ் போய்விடும்.

ஜூன் 7, சனி

சந்தைக்கு நடந்தே போய் வந்தேன். டிவிஎஸ்ஸை எடுக்கவில்லை. நடந்தால் முட்டிக்கு நல்லது.

ஜூன் 10, செவ்வாய்

வீட்டுக்காரர் கந்தவேலுடன் சேந்தமங்கலத்துக்கு ஒரு கல்யாணம். வழக்கமாக டிவிஎஸ்ஸை நான்தான் ஓட்டுவேன், அவர் பின்னால் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வருவார். அவர் லாரிக்கு பாடி கட்டும் பட்டறையில் வெல்டர், நாள் முழுக்க நெருப்பைப் பார்த்த கண்ணுக்கு ரோடு இதமாக இருக்குமாம். இன்றைக்கு அவரையே ஓட்டச் சொன்னேன். பட்டுப்புடவை என்றேன்.

கல்யாணத்தில் மூன்று பேர் "மறுபிறவி எடுத்து வந்திருக்கீங்க" என்றார்கள். இந்தப் பிறவிக்கே இன்னும் நல்ல பெயர் வரவில்லை.

ஜூன் 13, வெள்ளி

குக்கர் விசில் சத்தத்துக்கு கையிலிருந்த டம்ளரைக் கீழே போட்டுவிட்டேன். குக்கர் சரியில்லை. ஓசியில் வந்த சாமான் அப்படித்தான் இருக்கும். பருப்பைச் சட்டியிலேயே வேகவைத்துக்கொள்கிறேன் என்று அதைப் பரணில் ஏற்றிவிட்டேன். இலக்கியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். படிக்கிற பிள்ளைக்கு அம்மாவைப் பார்க்க என்ன வேலை?

ஜூன் 17, செவ்வாய்

முதலாளி வீட்டுக்கே வந்தார். கையில் ஆப்பிள், ஆரஞ்சு. ஆஸ்பத்திரியில் இருப்பவர்களுக்குத்தான் அப்படி வாங்கிப்போவார்கள்.

"அம்மிணி, நான் உன்னைய என்ற பொறந்தவளாட்டந்தான் பாக்கிறேன்" என்று ஆரம்பித்தார். சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தார். வண்டியின் கோளாறு என்று முடிவானால் நாலு வண்டியையும் நிறுத்திவிடுவார்கள். பெர்மிட்டுக்கே ஆபத்து. நாலு டிரைவர், நாலு கண்டக்டர், ஷெட் ஆட்கள், எல்லோருடைய அடுப்பும் அணையும். அதற்குப் பதில், நியூட்ரலில் வந்தேன் என்று நான் ஒப்புக்கொண்டால் போதும். லைசென்ஸ் கொஞ்ச காலம் போகும். அவருடைய மைத்துனர் பள்ளிக்கூடத்தில் எனக்கு ஆயா வேலை போட்டுத் தருவார், வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்க வேண்டும். சம்பளம் குறையாது.

"பைப்ப எப்ப மாத்துனீங்க?" என்று கேட்டேன்.

"எந்தப் பைப்பு?"

"வெடிச்ச பைப்பு. ஏப்ரல்லயே கசியுதுன்னு சொன்னேனுங்களே. இந்த சீசன் ஓடட்டும்னீங்க."

அவர் ஆரஞ்சுப் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "உசுருக்கு ஒண்ணும் ஆகலியே அம்மிணி. சாமி புண்ணியத்துல எல்லாம் தப்பிச்சாச்சு. இனியும் எதுக்கு அதையே நோண்டோணும்?"

"சாமி புண்ணியத்துல தப்பிச்சாங்கன்னா சாமியவே கையெழுத்துப் போடச் சொல்லுங்க" என்றேன். என் வாய் எப்போதும் என்னைவிட ஒரு கியர் முன்னால் போகும்.

அவர் போனதும் கந்தவேல் பழத்தைக் கழுவி வைத்தார். நான் அவரைப் பார்த்தேன். இந்த மனுஷன் ஒரு நாளைக்குப் பத்து வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். "நீ தூக்கத்துல தெனமும் வலது காலக் கட்டில்ல மிதிக்கிற" என்றார். அதற்கும் முதலாளி வந்ததற்கும் என்ன சம்பந்தம்? கொசு என்றேன்.

ஜூன் 20, வெள்ளி

இன்னொரு வண்டி டிரைவர் செல்லப்பன் வந்தான். எனக்குத் தம்பி மாதிரி. வாசலிலேயே நின்றான்.

"அக்கா, எனக்கு ரெண்டு புள்ளைங்க. வண்டி நின்னா எங்க போறது? நீங்க கொஞ்சம் விட்டுக்குடுத்தா எல்லாரும் பொழைச்சுக்குவோம்."

"நான் விட்டுக்குடுத்திருந்தா அன்னிக்கே ஒரு வண்டி ஆளு போயிருப்பாங்கடா" என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு போய்விட்டான்.

எனக்குக் கோபம் வரவில்லை. வருத்தம்தான் வந்தது. ஆயா வேலை கேவலமில்லை. வேனில் ஏறும் பிள்ளைக்குச் சட்டைப் பித்தான் போட்டுவிடுவது நல்ல வேலைதான். ஆனால் வாழ்க்கையில் நான் மிகச் சரியாகச் செய்த ஒரு காரியத்தை நானே தப்பாகச் செய்தேன் என்று சொல்லிவிட்டு அந்த வேனில் எப்படி உட்காருவேன்? டிரைவர் கியர் மாற்றும்போதெல்லாம் செத்துப்போவேன்.

சொல்ல மாட்டேன்.

ஜூன் 25, புதன்

சாம்பார், கோவைக்காய்ப் பொரியல். மழை வரும்போல இருந்து வரவில்லை. நாளைக்குக் கட்ட நீலப் புடவை. காக்கிச் சட்டை போட்டுப் போகலாமா என்று நினைத்தேன். வேலையிலிருந்து நிறுத்தி வைத்திருக்கும்போது போடக்கூடாதாம்.

ஜூன் 26, வியாழன்

எல்லாவற்றையும் எழுதப்போகிறேன். கை வலித்தாலும் சரி.

விசாரணை ஆர்.டி.ஓ. ஆபீஸில். ஆய்வாளர் பெயர் சம்பத். மெலிந்த ஆள், முகத்தில் ஒன்றும் தெரியாது. முதலாளியும் மகனும் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நடந்ததை நான் சொன்னேன். "ரெண்டாவது கியர்ல போட்டேன்னு சொல்றீங்க. யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டார். கியர் தண்டை யார் பார்ப்பார்கள்?

அப்புறம் பயணிகளை ஒவ்வொருவராக உள்ளே கூப்பிட்டார். டிரைவர் என்ன செய்தார் என்று ஒவ்வொருவரையும் கேட்டார். ஒருவருக்கும் தெரியவில்லை. எல்லோரும் கண்ணை மூடி அவரவர் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார்கள். வீரமுத்து டிக்கெட் பையைக் கட்டிக்கொண்டு கடைசி சீட்டுக்கு அடியில் இருந்தானாம். அய்யாவு மறுபடியும் எட்டுக்கை அம்மனைக் கொண்டுவந்தார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இத்தனை பேரைச் சுமந்து வந்தேன், என்னைப் பார்த்தவர் ஒருத்தர்கூட இல்லை. முதலாளி மகன் காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

நல்லம்மா வந்தது. "எந்தச் சாமியக் கும்பிட்டீங்க?" என்று ஆய்வாளரே சலித்துப்போய்க் கேட்டார்.

"எங்கீங்க கும்பிட்டேன்? பெரியாண்டவரேன்னு வாயத் தொறந்தனுங்க. அந்தச் சத்தத்துல சாமி பேரே மறந்துபோச்சு."

"என்ன சத்தம்?"

"வண்டி கத்துச்சே. உங்களுக்குச் சொல்லுலீங்களா யாரும்? பன்னிய வெட்டையில கத்துமே, அப்படி. திடீர்னு புடிச்சுது, நிக்கற வரைக்கும் உடுலீங்க. நான் மலையே பொளந்துபோச்சுன்னு நெனச்சேன்." காதைப் பொத்திக்கொண்டு காட்டியது.

ஆய்வாளர் பேனாவைக் கீழே வைத்தார். வெளியே போனவர்களை மறுபடி ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். சாமியை விட்டுவிட்டு, சத்தம் மட்டும் கேட்டார். ஒருவர் ரைஸ் மில் என்றார். ஒருவர் விமானம் என்றார். அய்யாவு, அம்மன் உறுமினாள் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன் என்றார். வீரமுத்துவுக்கு ரெண்டு நாள் காதில் ரீங்காரம் போகவில்லையாம். சாமி ஆளுக்கு ஒன்றாக இருந்தது, சத்தம் எல்லோருக்கும் ஒன்றாக இருந்தது. என் ஒருத்திக்குத்தான் கேட்கவில்லை.

"நியூட்ரல்ல உருண்டு வர்ற வண்டி கத்தாது" என்றார் ஆய்வாளர், முதலாளியைப் பார்த்து. "இன்ஜின் சும்மா முனகிட்டுத்தான் வரும். சின்ன கியர்ல அடிச்சுப் போட்டு, வண்டி இன்ஜினைத் தள்ளினாத்தான் இப்படிக் கத்தும். இழுக்கறப்போ நியூட்ரல்ல போட்டது யாரு?"

முதலாளி மகன் காலை ஆட்டுவதை நிறுத்தினான்.

"பைப் எப்போ மாத்துனீங்க? ரசீது இருக்கா? பழைய பைப் எங்க?"

கியர் பாக்ஸையும் கிளட்ச்சையும் பிரித்துப் பார்க்க வேண்டும், மற்ற மூன்று வண்டியும் அதுவரை ரோட்டில் இறங்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார். "எறக்கத்துல மூணுலேருந்து ரெண்டுக்கு, அந்த வேகத்துல. கியர் விழலைன்னா?"

"விழுந்துச்சுங்களே" என்றேன்.

அவர் முகத்தில் முதல் தடவையாக ஏதோ தெரிந்தது. எழுந்து நின்று கை கொடுத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. மார்பு அடைக்கிற மாதிரி பெருமை. இதை எழுத எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

ஜூலை 4, வெள்ளி

பிரித்துப் பார்த்தாயிற்று. நான் சொன்னபடிதான். ஓட்டுநர் மேல் தவறில்லை என்று உத்தரவு. முதலாளிக்கு அபராதம், நாலு வண்டிக்கும் மராமத்து.

தெருவில் செல்லப்பன் பெண்டாட்டி என்னைப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வண்டி நின்று எட்டு நாள் ஆகிறது. திருப்பட்டும்.

ஜூலை 9, புதன்

செல்லப்பன் போன் செய்தான்.

"அக்கா, ஷெட்டுல என்ற வண்டிப் பைப்பக் கழட்டுனாங்க. கையோட பொடிஞ்சு வந்துருச்சு."

"ம்."

"வர்ற வாரம் ஸ்கூல் புள்ளைங்கள ஏத்திட்டு அருவிக்குப் போறதா இருந்தேன்."

அவன் அழுதான். நான் போனைப் பிடித்துக்கொண்டே நின்றேன். அடுப்பில் வைத்த கத்தரிக்காய் அடிப்பிடித்துவிட்டது. அதைத்தான் மூன்று பேரும் சாப்பிட்டோம்.

ஜூலை 21, திங்கள்

முதலாளி கூப்பிட்டார். இந்தத் தடவை பழம் இல்லை. மேலே சோளக்காட்டில் பூங்கொடி வண்டி எப்போது வரும் என்று கேட்கிறார்களாம். அம்மன் ஓட்டிய வண்டி ஆயிற்றே, அம்மனையே கூப்பிட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்று நினைத்தேன், சொல்லவில்லை.

"வர்றேனுங்க. ஆனா தெனமும் காலைல வண்டிக்கு அடியில படுத்து நானே பைப்பப் பாத்துட்டுத்தான் எடுப்பேன். எனக்கு சரியில்லீன்னா வண்டி நகராது."

"சரி அம்மிணி."

"அந்த டீசல் பலகையக் கழட்டுங்க. அதப் பாத்துட்டு நாளைக்கு யாராவது நெசமாவே நியூட்ரல்ல உருட்டிட்டு வருவாங்க."

"அதுல உன்ற பேருதான முதல்ல இருக்குது?"

"அதனாலதான் நான் சொல்றேனுங்க. மத்தவங்க சொன்னா பொறாமைம்பீங்க."

அவர் சிரித்துவிட்டார். நல்ல மனுஷன்தான், காசு என்றால்தான் கண் தெரியாது.

ஜூலை 23, புதன்

நாளை வண்டி. ராத்திரிச் சாப்பாடு இறங்கவில்லை. குழம்பில் உப்பு அதிகம்.

ஜூலை 24, வியாழன்

குழம்பில் உப்பு சரியாகத்தான் இருந்தது. எனக்குத்தான் பயம்.

எழுதிவிட்டேன். ஐம்பது நாளாக முட்டி, புடவை, குக்கர், கொசு என்று எதையெதையோ எழுதினேன். பயம்தான். அன்றைக்கு வராத பயம், எல்லாம் முடிந்த பிறகு வந்து வீட்டோடு தங்கிவிட்டது. இன்று காலை காக்கிச் சட்டைக்குப் பித்தான் போட முடியவில்லை, விரல் அப்படி ஆடியது. கந்தவேல் போட்டுவிட்டார். வாசல் வரை வந்து, நான் திரும்பிப் பார்க்கும்வரை நின்றார்.

ஏறும்போது ஒன்றுமில்லை. ஏற்றம் யாரையும் பயமுறுத்தாது. சோளக்காட்டில் ஆள் ஏறினார்கள். ஆடி மாதக் கூட்டம், வண்டி நிறைந்துவிட்டது. நல்லம்மா எனக்குப் பின்னால் முதல் சீட்டில் மிளகு மூட்டையோடு உட்கார்ந்தது. அய்யாவு கட்டு அவிழ்த்த கையைத் தூக்கி ஆட்டிக் காட்டினார்.

இறங்க ஆரம்பித்தேன். ஒவ்வொரு வளைவிலும் பிரேக்கை ஒரு தடவை தொட்டுப் பார்த்தேன். பிடித்தது. அந்த இடம் நெருங்க நெருங்க உள்ளங்கை ஈரமாகி ஸ்டீயரிங் வழுக்கியது. மலை ஓரத்தில் என் வண்டி தேய்த்த கோடு இன்னும் சிவப்பாகத் தெரிந்தது. இப்போது எல்லோரும் சாமியைக் கூப்பிடப்போகிறார்கள் என்று நினைத்தேன். மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்கு மாற்றினேன். வெண்ணெய் மாதிரி விழுந்தது. பின்னால் ஒரு சத்தமும் இல்லை.

என்ன ஆயிற்று என்று தலைக்கு மேலிருந்த கண்ணாடியில் பார்த்தேன். அய்யாவு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். நல்லம்மா மிளகு மூட்டை மேல் கவிழ்ந்து கிடந்தது. வீரமுத்து நின்றபடியே கண்ணை மூடியிருந்தான். ஏறக்குறைய வண்டி முழுக்க நல்ல தூக்கம்.

முதலில் எனக்கு ஆத்திரம்தான் வந்தது. நான் இங்கே உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓட்டுகிறேன், இவர்களுக்கு அந்த வளைவில், என் வண்டியில், தூக்கம் கேட்கிறது. அப்புறம்தான் எனக்கு உறைத்தது, சாமியைக்கூடக் கூப்பிடாமல் வண்டியை என்னிடம் விட்டுவிட்டுத் தூங்குகிறார்கள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துடைக்கக் கை இல்லை. இரண்டு கையும் ஸ்டீயரிங்கில் இருந்தன, ஆடாமல்.

வளைவில் ஹாரன் அடித்துத்தான் ஆக வேண்டும். நீளமாக அடித்தேன். ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை.